எது முந்தி என்று கேட்ட பூங்காவனம் அக்கா

இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வரி கோணலாகப் போனால் அதற்கும் சேர்த்து. பகலில் அலுவலகம், சாயங்காலத்திலிருந்து என் மகள் பாப்பாவுக்கு இருமல். அவள் அயர்ந்த பிறகுதான் என் கை எனக்குக் கிடைக்கிறது. இப்போதும் ஒரு காது அவள் மூச்சின் மேலேயேதான் இருக்கிறது. நம் வாசகர் வட்ட இதழ் அச்சுக்குப் போவதற்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும். ஏன் அவ்வளவு அவசரம் என்பதைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் போனை எடுத்தவள் நான்தான். எங்களோடு வேலை பார்த்த பூங்காவனம் அக்காவின் தம்பி ஏழுமலை பேசினார். காசிமேட்டில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து பூத்திலிருந்து பேசினார் போல, பின்னால் மீன் ஏலக் கூச்சல் கேட்டது. "அக்கா இன்னிக்கு வராதும்மா, ஆபீஸ்ல சொல்லிடு" என்றார். லீவ் லெட்டரை வந்த பிறகு கொடுக்கச் சொல்லுங்கள் என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். அவர் இன்னொரு ரூபாய்க் காசு போடும் சத்தம் கேட்டது. பிறகு, "இனிமே வராதும்மா" என்றார். விடியும் முன்னால் நெஞ்சுவலி. ஆட்டோ பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

இதை எழுதும் மேஜையில், என் முன்னால், உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சை மொபெட் நிற்கிறது. அக்கா செய்தது. அவருடைய சொந்த வண்டியின் மாதிரி. பெயிண்ட் முழுக்க அடித்து முடித்து, கடையிலிருந்து இப்போதுதான் இறக்கியது போலப் பளபளவென்று இருக்கிறது. அக்காவின் வண்டியை ராயபுரம் பாலத்தடியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கீறல் இல்லாத இடமே கிடையாது. அவர் செய்யும் வண்டிகளில் கீறலும் நசுங்கலும் கடைசியாகத்தான் வரும். இதில் அவை வரவே இல்லை.

நிஜ மொபெட்டை இனி ஏழுமலையின் மகள் காலேஜுக்கு ஓட்டப் போகிறாள். அதற்கு முன் திருவொற்றியூரில் டிங்கரிங் செய்து, புதுசாகப் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கிறார்கள். நியாயம்தான், படிக்கிற பெண் ஓட்டும் வண்டி ஓட்டை உடைசலாக இருக்க முடியாது. ஆனால் அதோடு அந்தக் கீறல்கள் போய்விடும். போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். எங்கே என்று போட்டோ சொல்லும், எது முந்தி என்று சொல்லாது. அது தெரியாமல் இந்தச் சின்ன வண்டியை முடிக்க முடியாது. ஏன் முடியாது என்பது அக்காவோடு பழகியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் அலுவலகம் கப்பலில் வரும் சரக்குக்குப் பேப்பர் போட்டு, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் அலுவலகம். அக்கா அங்கே டைப்பிஸ்ட். நான் பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், அவர் ஏற்கெனவே அங்கே பழைய ஆள். யாரோ ஒரு கப்பல் அதிகாரி போகிற போக்கில் ஒரு அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாராம். உள்ளே ஒரு வெளிநாட்டு ரேஸ் பைக், துண்டு துண்டாக. உடைந்துபோனது என்று எல்லாரும் ஒதுக்கிவிட்டார்கள். அது ஒட்டிச் செய்ய வேண்டிய சின்ன மாதிரி வண்டி என்று பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அக்கா. பாதித் துண்டுகள் இல்லை. சக்கரத்துக்குக் கம்பிகள் இல்லாததால் தம்பியின் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினார். ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் குமிழ். டயருக்கு ஹவாய் செருப்பு வார். சைலென்சருக்கு சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாள். நகப்பாலிஷை தின்னரில் கரைத்து, முடி பாதி வெட்டின பிரஷ்ஷால், ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொரு பூச்சாக அடித்தார். அந்தச் சிவப்பு பைக் அவருடைய டைப்ரைட்டர் பக்கத்தில் நின்றது. கம்ப்யூட்டர் வந்த பிறகு மானிட்டர் மேல் ஏறியது.

முதல் வாரம் நான் அதை பொம்மை என்று சொல்லிவிட்டேன். அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: "பொம்மைன்னு சொல்லாத. பொம்மைக்கு ஊரு கெடையாது."

அந்த ரேஸ் பைக்குக்கும் ஊர் கிடையாதே என்று நான் கேட்டதற்கு, அதனால்தான் அதை இரண்டாவது முறை செய்யவில்லை என்றார். பிறகு அவர் செய்ததெல்லாம் நம் ஊர் வண்டிகள்தான். பெட்டியில் துண்டுகளாக வந்தவை இல்லை, பிளாஸ்டிக் அட்டையை வெட்டி அவரே செய்தவை.

முதலில் செய்தது பாலத்தடி ஸ்டாண்டில் இருந்த பாஷா பாயின் ஆட்டோ. ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். பாய் இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா இது என் வண்டி இல்லக்கா, ஷோரூம் வண்டி" என்றார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோய், ஸ்டாண்டில் நின்று பார்த்து வைத்த நசுங்கல் எல்லாவற்றையும் போட்டார். ஊதுவத்திச் சூட்டில் பிளாஸ்டிக்கை இளக்கி, ஈர்க்குச்சியால் அழுத்தி, அழுத்திய இடத்தில் மறுபடி பெயிண்ட் தொட்டு. பாய் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தக் கீறல் பழைய பெயிண்டுல வுழுந்தது. அதுக்கு மேல ஒருவாட்டி மஞ்ச அடிச்சாச்சி. நீ மஞ்சக்கு மேல கீறி வெச்சிக்கினு கீற" என்றார். ஸ்டாண்டில் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்தான். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கேள்விதான் 'எது முந்தி'.

அதற்குப் பிறகு யார் வண்டியைச் செய்தாலும் முதலில் புது வண்டியாகவே செய்து முடிப்பார். பிறகு உடையவரை உட்காரவைத்து, இந்த நசுங்கல் முந்தியா அந்தக் கீறல் முந்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நிஜத்தில் விழுந்த வரிசையிலேயே போடுவார். எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. கேட்டதும் கை அங்கேயே போட்டுவிடும். வண்டியை எங்கே நிறுத்துகிறாய், கடல் எந்தப் பக்கம் என்றும் கேட்பார். நம் ஊரில் கடலைப் பார்த்து நிற்கும் பக்கத்தில்தானே முதலில் துரு ஏறும். துருவுக்கு நிஜத் துருவையே சுரண்டிப் பொடித்து வைத்திருந்தார். தூசிக்கு, துறைமுகத்து நிலக்கரி இறக்கும்போது எங்கள் அலுவலக ஜன்னலில் படிகிற கரி. நான் துடைக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "தொடைக்காத. அது என் பெயிண்டு."

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். தயாளன் அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தயாளன் அப்போது எண்ணூர் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுக்கு ட்ரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குப் பேப்பர் வாங்க வந்துதான் எங்களுக்குப் பழக்கம். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளாதபோது ரிஜிஸ்தர் ஆபீசில் என் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டவர் அக்கா. பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது அந்த விபத்து நடந்தது. யார்டில் தயாளன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தோஸ்து சேகர், அவரும் டிரைவர்தான், பின்னால் நின்று சைடு பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் சேகர் மாட்டிக்கொண்டார். பிழைக்கவில்லை.

விபத்து என்றே முடிந்தது. தயாளன் மேல் யாரும் குறை சொல்லவில்லை. சேகரின் மனைவிகூடச் சொல்லவில்லை. ஆனால் தயாளன் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேலைக்குப் போகவில்லை, பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார். நான் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வருவேன். அவரைத் தனியாக விட்டு வந்த பயத்தில், பால் குடித்தாளா, அழுதாளா என்று ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்துகொண்டே இருப்பேன். எனக்குத் தெரிய வேண்டியது பாப்பாவைப் பற்றி மட்டும் இல்லை என்பது அக்காவுக்குப் புரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தயாளன் ஓட்டிய ட்ரெய்லரின் சின்ன மாதிரி, புதுசு. தயாளன் பார்த்ததும், "வேணாங்கா" என்றார்.

"உன்ன யாரு கேட்டா? நான் வண்டியக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து ஊதுவத்தி கொளுத்தினார். வீடெல்லாம் மல்லிகை வாசனை, தின்னர் வாசனை. பாப்பாவுக்கு ஆகாதே என்று நான் ஜன்னலை எல்லாம் திறந்தேன். அக்கா முன் மட்கார்டைக் காட்டி, இதில் எது முந்தி என்றார். தயாளன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவும் விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "மீஞ்சூர்ல, எரும" என்றார்.

"எரும இடிச்சிச்சா, நீ எருமய இடிச்சியா?"

"அது வந்து நின்னுச்சிக்கா."

"நின்ன எருமயவா போயி இடிச்ச? அது இன்னா பண்ணிச்சி?"

"திரும்பிப் பாத்துச்சி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன்.

அப்படியே ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வண்டி பழசாகிக்கொண்டு வந்தது. கடைசியில் பின்மூலை மட்டும் பாக்கி இருந்தது. நிஜ ட்ரெய்லரின் பின்மூலையில் ஒரு பெரிய நசுங்கல் உண்டு. அது விபத்து அன்றைக்கு விழுந்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்கா அந்த இடத்தில் விரலை வைத்து, "இது?" என்றார். தயாளன் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. அதை விட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன். "அவன் சொல்லாம நான் போட மாட்டேன். போடலன்னா அது அவன் வண்டி ஆவாது. இருக்கட்டும்" என்று டிவி மேல் வைத்துவிட்டுப் போனார். எல்லா இடமும் அடிபட்டு, அந்த ஒரு மூலை மட்டும் வழவழவென்று அது அங்கேயே நின்றது. அதற்குப் பிறகும் அக்கா வருவார், பாப்பாவைக் கொஞ்சுவார், சாப்பிடுவார், டிவி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அப்படி ஒருநாள் அக்கா கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தயாளன் அந்த வண்டியை எடுத்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"அது அன்னிக்கு வுழுந்தது இல்லக்கா."

அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "பின்ன?"

"அதுக்கு முந்தியே வுழுந்தது. எர்ணாவூர்ல ஒரு கேட்ல இடிச்சேன். அன்னிக்கு வண்டில ஒண்ணுமே ஆவலக்கா. ஒரு கீறல் இல்ல. எனக்கு ஒரு சத்தங்கூடக் கேக்கல. எல்லாரும் அந்த நசுங்கலப் பாத்து அம்மாம் பெரிய இடின்னு நெனச்சிக்கினாங்க. நானும் சரின்னு வுட்டுட்டேன். மெதுவாத்தான் வந்தேன். அவ்ளோ மெதுவா வந்தேன்."

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்ப இதுதான் முந்தி" என்று மட்டும் சொன்னார். ஊதுவத்தி கொளுத்தி, மூலையை இளக்கி, எர்ணாவூர் கேட்டின் நசுங்கலைப் போட்டார். பிறகு அதில் துரு வைத்தார், பழைய நசுங்கல் ஆயிற்றே. தயாளன் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "சேகருக்கு இன்னா போடுவ?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போட முடியாது நைனா. வண்டில இல்லாதத நான் போட மாட்டேன். அது உங்கிட்டதான் கீது."

தயாளன் அப்போதுதான் அழுதார். என் மடியில் இருந்த பாப்பா அதைப் பார்த்து மிரண்டு தானும் அழுதாள். அக்கா பிரஷ்ஷை தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தயாளன் சேகர் வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் புழலிலிருந்து தண்ணீர் லாரி ஓட்டப் போனார். இன்றுவரை ஓட்டுகிறார். பின்னால் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

உங்கள் வண்டியை எப்போது செய்வீர்கள் என்று நான் ஒருமுறை அக்காவைக் கேட்டேன். செய்து வைத்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என்ன யாரு கேப்பா?" என்றார். நீங்களே கேட்டு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். "தானே கேட்டு தானே பதில் சொன்னா அதுல பொய் வந்துடும். கேக்கறதுக்கு வேற ஒரு ஆளு வேணும்" என்றார். அதற்குள் மேனேஜர் கூப்பிட்டார், எழுந்து போய்விட்டோம்.

காரியம் முடிந்த பிறகு ஏழுமலை இந்தப் பச்சை மொபெட்டை ஒரு வேட்டித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் இருந்ததாம். செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. புது வண்டியாகச் செய்துவிட்டு, கேட்க ஒரு ஆள் வரட்டும் என்று வைத்திருக்கிறார். ஊரில் அத்தனை பேரை உட்காரவைத்துக் கேட்டவரை உட்காரவைத்து நாம் யாரும் கேட்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. வேறு எதற்கும் இவ்வளவு அழுததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் தயாளனும் காசிமேட்டுக்குப் போய் நிஜ வண்டியைப் பார்த்தோம். அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சுனாமி அன்றைக்கு அந்த வண்டி கடல் தண்ணீரில் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். "இதுல உப்பு ஏறிக்கீது, இது தண்ணி வந்ததுக்கு முந்தி. இதுல இல்ல, இது அப்பறம்" என்று பிரித்துச் சொன்னார். அப்படிக் கொஞ்சம் தெரிந்தது. சீட்டின் கிழிசலை வலை நூலால் தைத்தது தான்தான் என்று ஏழுமலை சொன்னார். முன் மட்கார்டின் மடிப்பு அலுவலக வாசல் தூணில் விழுந்தது, அதை நானே பார்த்தேன். ஆனால் இடது பக்கத்தில் யாருடைய வண்டியிலிருந்தோ ஒட்டிய நீலப் பெயிண்ட் இருக்கிறது. கால் வைக்கும் தகட்டில் ஒரு தீக்காயம் இருக்கிறது. அப்புறம் வலது பக்கம், முன்னாலிருந்து பின்னால்வரை, நேராக ஒரு கோடு. அது எங்கேயும் உரசி விழுந்தது இல்லை. ஆணியால் யாரோ வேண்டுமென்றே நிதானமாக இழுத்தது. கல்யாணம் ஆகாத ஒரு பெண் நம் தெருக்களில் அத்தனை வருஷம் தனியாக வண்டி ஓட்டியிருக்கிறார். அந்தக் கோட்டைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை எங்களிடம் சொன்னதில்லை. தயாளன் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஊதுவத்தி பிடிக்க அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பெயிண்ட் தொடுவது என் பொறுப்பு. ஜன்னல் கரியைப் போன வாரத்திலிருந்து துடைக்காமல் விட்டிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த மொபெட்டோ டிவி மேல் இருக்கும் ட்ரெய்லரோ இல்லை. பாப்பா விளையாடப் போய் முட்டியிலும் கையிலும் காயத்தோடு வந்தால், முன்பெல்லாம் ஐயோ என்று கத்தி அவளையும் பயமுறுத்திவிடுவேன். இப்போது பக்கத்தில் உட்காரவைத்து எது முந்தி என்று கேட்கிறேன். முட்டி முந்தி, கை அப்புறம் என்று விரல் வைத்துக் காட்டுவாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுகை நின்றுவிடும், என் படபடப்பும் பாதி இறங்கிவிடும். எனக்கு அது போதும்.

அக்காவின் வண்டியில் ஒரு கீறலைப் பற்றியாவது தெரிந்தவர்கள், பின்னால் உட்கார்ந்து போனவர்கள், இடித்தவர்கள், பஞ்சர் ஒட்டியவர்கள், யாராக இருந்தாலும் இதழின் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். எங்கே விழுந்தது, எதற்கு முந்தி, எதற்கு அப்புறம் என்றால் போதும். அந்த நேர்க்கோட்டை இழுத்தவர் இதைப் படித்தால் அவரும் எழுதலாம். பேர் வேண்டாம். யார் என்று யாரும் தேட மாட்டோம். எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். இதழ் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் வண்டியைப் பெயிண்டுக்குக் கொடுப்பேன் என்று ஏழுமலை ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் காலேஜ் திறந்துவிடும், அவரும் ரொம்ப நாள் தள்ள முடியாது. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.